மலை ஏற சீட்டு கேட்டு வரும் நண்பர்களுக்கு

மாசி பிறந்துவிட்டால் எங்க ஓபிக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. "சார், வெள்ளியங்கிரி போறோம். ஃபிட்னஸ் சர்டிபிகேட் ஒண்ணு வேணும்."

பிபி பார்த்து, ஒரு இசிஜி எடுத்து, "நார்மல்" என்று எழுதிக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அந்தச் சீட்டை நம்பி மலை ஏறாதீங்க என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

படுக்க வைத்து எடுக்கும் இசிஜி, படுத்திருக்கும்போது உங்க இதயம் எப்படி இருக்கு என்பதைத்தான் சொல்லும். ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருப்பவருக்கும் அது நார்மலாக வரலாம்.

போன வருஷம் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், விசைப்படகில் போகிறவர். "கடல்ல வலை இழுக்குற உடம்பு சார், மலை என்ன பண்ணிரும்?" என்றார். பிபி சுமார், இசிஜி நார்மல். சீட்டில் கையெழுத்துப் போடப் போனவன், சும்மா கேட்டேன்.

"அண்ணே, மாடிப்படி ஏறுனா எப்படி இருக்கு?"

"லேசா நெஞ்சு கனக்கும் சார். வாயுதான். ரெண்டு நிமிசம் உக்காந்தா சரியாயிரும்."

நண்பர்களே, நடந்தால் வந்து, உட்கார்ந்தால் போகிற நெஞ்சுக் கனத்தை வாயு என்று நீங்களே முடிவு செய்யாதீங்க. அவரை டிரெட்மில் டெஸ்டுக்கு அனுப்பினோம். அங்கிருந்து மதுரை. ஆஞ்சியோவில் இரண்டு குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், முதலமைச்சர் காப்பீட்டில். அவர் கேட்ட சீட்டை நான் அன்றைக்குக் கொடுத்திருந்தால்?

"உயரம் சார், அதான் மூச்சு வாங்குது" என்று பலரும் சொல்வார்கள். வெள்ளியங்கிரி ஏறக்குறைய 6000 அடி. உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 8000 அடிக்கு மேல்தான். ஆகவே அங்கே உங்களுக்கு அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் மலையைக் குற்றம் சொல்லாதீங்க, இதயத்தையும் நுரையீரலையும் பாருங்க. 2024 சீசனில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் அந்த மலையில் பல பேர் இறந்தார்கள். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அறிவிப்பே வந்தது.

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் செல்போனில் எத்தியோப்பியா வீடியோ காட்டினான். திக்ரே பகுதியில் செங்குத்துப் பாறையின் உச்சியில் குடைந்து செய்த அபுனா யெமாத்தா தேவாலயம். கடைசிப் பாறையை வெறுங்காலோடு பிடித்துப் பிடித்து ஏறணும். "வெள்ளியங்கிரி முடிச்சுட்டு அடுத்து இதுதான் சார்." ஆசை நல்லதுதான் தம்பி. ஆனா அது 2500 மீட்டருக்கு மேல். அங்கே உயரமும் ஒரு கணக்கு, ஓரிரு நாள் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டுத்தான் ஏறணும்.

என் பெரிய கோபம் பிளான் மேலதான். சனிக்கிழமை வேலை முடித்து வேன் ஏறுவது. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்தபடி பயணம், தூக்கம் கிடையாது. பூண்டியில் இறங்கி ஒரு டீ, கையில் மூங்கில் தடி, உடனே ஏற்றம். ஏழு மலை, ஒரு வழிக்கே சுமார் 6 கிலோமீட்டர். இறங்கிய கையோடு திரும்ப வேன். நல்ல இதயத்துக்கே இது தண்டனை. ஒரு நாள் கூடுதலாக லீவு போட்டு அடிவாரத்தில் தூங்கி எழுந்து ஏறினால் சாமி கோவிச்சுக்கவா போகுது?

இன்னொன்று. 108 அடிவாரம் வரைதான் வரும். ஐந்தாவது மலையில் நெஞ்சு வலித்தால் உங்களை டோலி கட்டித் தூக்கித்தான் இறக்கணும், அதற்கே பல மணி நேரம். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரம்தான் தங்கம். வலி வந்தால் மேலே போகாதீங்க, "இன்னும் கொஞ்சந்தான்" என்கிற நண்பன் பேச்சைக் கேட்காதீங்க.

விரதம் என்று பிபி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். வெறும் வயிற்றில் சுகர் மாத்திரை போட்டு ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் ஏறினால், பாதி வழியில் சுகர் இறங்கி மயக்கம் வரும். விரதம் இருக்கணும் என்றால் டோஸை எப்படி மாற்றுவது என்று உங்க டாக்டரிடம் கேளுங்க. பையில் வெல்லம், ஓஆர்எஸ் பாக்கெட் கட்டாயம்.

நம்ம ஊரில் பயிற்சிக்கு மலைக்கு எங்கே போவது? மேடு என்று சொல்லிக்கொள்ள கந்தமாதன பர்வதமும் பாம்பன் பாலமும்தான் இருக்கு. (பாலத்துல நடக்காதீங்க, வண்டி வரும்.) ஆனா அரிச்சல்முனை மணல் இருக்கே! மணலில் நடப்பது தார்ரோட்டில் நடப்பதைவிட நல்ல உழைப்பு. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் 40 நிமிடம். கூடவே மாடிப்படி.

2020ல் ஸ்பெயின் மருத்துவர்கள் ஒரு எளிய அளவுகோல் சொன்னார்கள். நாலு அடுக்கு, மொத்தம் 60 படி. நிற்காமல் ஏறுங்க. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் டாக்டரைப் பாருங்க. நெஞ்சு கனத்தால் பாதியிலேயே நின்றுவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

நேற்று நைட் டூட்டி முடித்து எங்க ஆஸ்பத்திரி படியில் நானும் ஏறிப் பார்த்தேன். 71 நொடி. கூட ஏறிய நர்ஸ் அக்கா 58.

பங்குனியில் மலைக்குப் போகிறவர்கள் இன்றைக்கே ஏறிப் பார்த்து, உங்க நொடியைக் கீழே எழுதுங்க.