விமான நிலையத்தைப் பூட்டினால் அம்மம்மா எங்கே போவா?



திருவாதிரைக்கும் ஓகஸ்ட் விடுமுறைக்கும் வெளிநாட்டு உறவுகள் வந்துபோகிற ஊர் காரைநகர். பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாக விமானம் ஏறும் அம்மம்மாக்களும் இங்கே குறைவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் மாணவி ஒருத்தியின் அம்மம்மா ஐரோப்பாவில் விமானம் மாறும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டார். திடீர் வேலைநிறுத்தம். அறிவிப்பு எதுவும் விளங்கவில்லை. நீரிழிவு மாத்திரை ஏற்றிவிட்ட பெட்டிக்குள். இரவு முழுக்கக் கதிரையில் இருந்தவரை, விடியத் தமிழ்ப் பெடியன் ஒருவன் கண்டு உதவினான்.

இது புதினமில்லை. 2025 மார்ச் 9, ஞாயிறு, ஹம்பேர்க்கில் முன்னறிவித்தல் இன்றியே வேலைநிறுத்தம் தொடங்கியது. மறுநாள் பிராங்பேர்ட், மியூனிக் என்று ஜேர்மனியின் பெரிய விமான நிலையங்கள் எல்லாம் முடங்கின. 2010 டிசம்பரில் ஸ்பெயினில் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் திடீரென வேலைக்கு வராமல் விட, வான்பரப்பையே மூட வேண்டி வந்தது.

வானில் இருப்பவர்களுக்கு ஒரு திட்டம் உண்டு. மாற்று நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் 30 நிமிடம் பறக்கவும் எரிபொருள் ஏற்றித்தான் விமானம் புறப்படும். கட்டுநாயக்க மூடினால் மத்தலவுக்கோ சென்னைக்கோ திரும்பலாம். நிலத்தில் நிற்கும் கிழவிக்குத்தான் மாற்று வழி இல்லை.

வேலைநிறுத்தம் தொழிலாளியின் உரிமை. 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் நாங்களும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினோம். நியாயம் எங்களிடம் இருந்தது; நட்டம் பிள்ளைகளுக்கும் போனது. அதை மறைக்க மாட்டேன்.

இத்தாலியில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 10 நாள் முன்னறிவித்தல் வேண்டும். காலை 7 முதல் 10, மாலை 6 முதல் 9 வரையான விமானங்களை நிறுத்த முடியாது. அங்கே வேலைநிறுத்தம் ஒழிந்துபோகவில்லை. பயணிக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 'அத்தியாவசிய சேவை' என்று வர்த்தமானி போட்டுத் தடுப்பதைவிட இது மேல்.

சட்டம் வரும்வரை நாங்கள் செய்யக்கூடியவை: மூன்று நாள் மருந்து கைப்பையில் இருக்கட்டும். நோயின் பெயர், மருந்து, பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரு கடதாசியில் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானம் ரத்தானால், காரணம் எதுவானாலும் சாப்பாடும், தேவைப்பட்டால் தங்குமிடமும் விமான நிறுவனம் தரவேண்டும். கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் யாரும் பயணத்துக்கு ஆயத்தமென்றால், அந்தக் கடதாசியை இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.