அழியாத புருவம்

புருவத்துக்கு மை தீட்டுவது நம் பெண்களுக்குப் புதிய விஷயமல்ல. இராத்திரி முகம் கழுவினால் அந்த மை போய்விடும். இப்போதோ, கழுவினாலும் போகாத புருவம் வந்திருக்கிறது. நுண்ணிய ஊசிகளால் தோலைக் கீறி, மயிர் மயிராக வர்ணத்தை ஏற்றுகிறார்கள். 'மைக்ரோபிளேடிங்' என்று அதற்குப் பெயர். பெயர்தான் புதிது, வித்தை பழையது. குறவர் குலப் பெண்கள் ஊர் ஊராக வந்து பச்சை குத்தினார்களே, அதன் பேத்திதான் இது. 1909-ல் தர்ஸ்டன் துரை ஏழு பாகங்களாக வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலில்கூட அவர்களுடைய அந்தத் தொழிலைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

இந்த வித்தையில் ஒரு தர்மசங்கடம் உண்டு. மீமிசலில் ஒரு கல்யாணப் பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகூர்த்தத்துக்கு நாலே நாள். சினிமா நட்சத்திரம் ஒருத்தியின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி, கன்னங்கரேலென்று வேண்டும்" என்கிறாள். முகம் அவளுடையது, பணமும் அவளுடையது. செய்கிறவளுக்கோ அதில் சம்மதமில்லை. யார் சொல் செல்ல வேண்டும்?

முதலில் தோலின் சமாசாரத்தைக் கேளுங்கள். மேல் தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக் கொள்கிறது. பச்சையின் வர்ணம் அதற்குக் கீழே தங்குகிறது. அங்குள்ள சில உயிரணுக்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை மடியும்போது, அவற்றின் இடத்துக்கு வரும் புதிய அணுக்கள் அதே வர்ணத்தை மறுபடி விழுங்குவதாக 2018-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலிகளிடம் கண்டறிந்தார்கள். புருவ வேலையில் ஆழம் குறைவாகையால் ஓரிரண்டு வருஷங்களில் வர்ணம் மங்கும். ஆனால் மங்குகிறபோது கறுப்பு நீலம் பாய்வதுண்டு. பழுப்பு செம்மை தட்டுவதுண்டு. லேசர் ஒளியால் அழித்துக்கொள்ளலாம் என்று அலட்சியமாக இருப்பதற்கும் இல்லை. இரும்புச் சத்து கலந்த வர்ணங்கள் அந்த ஒளி பட்டதும் இன்னும் கறுத்துப் போகக்கூடும்.

ஊசி போட்ட சில தினங்களுக்குப் புருவம் அளவுக்கு மீறிக் கறுத்திருக்கும். பிறகு பொருக்குத் தட்டி உதிரும். உண்மையான நிறம் தெரிய ஒரு மாதம் ஆகும். புண் ஆறும்வரை வெயிலும் வியர்வையும் கடல் நீரும் ஆகா. வங்கக் கடலை ஒட்டிய மீமிசலில் இது லேசான பத்தியமா? ஆகவே நாலு நாளில் முகூர்த்தம் என்றால், "இப்போது வேண்டாம், அம்மா" என்பதே சரியான பதில். தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், அந்த இடத்தில் தோல் வியாதி உள்ளவர்களுக்கும் அதே பதில்தான். இங்கே தொழில் தெரிந்தவளின் சொல்லே செல்ல வேண்டும்.

ஆனால் புருவம் மெல்லிசா, தடிப்பா என்பது வேறு கேள்வி. 1930-களில் மார்லீன் டீட்ரிக், கிரேட்டா கார்போ முதலியோர் நூல் போன்ற புருவத்தை நாகரிகமாக்கினார்கள். 1980-களில் புரூக் ஷீல்ட்ஸின் அடர்ந்த புருவத்துக்கு மவுசு வந்தது. 1990-களில் மறுபடியும் மெல்லிசு! இதில் சாசுவதமான சட்டம் எங்கே இருக்கிறது? புற்றுநோய்ச் சிகிச்சையால் புருவத்தை இழந்த ஒரு தாயார், தம் பழைய முகத்தையே கேட்டு வரலாம். அவரிடம் போய், "இந்த வருஷத்து மோஸ்தர் இதுதான்" என்று உபதேசிப்பது அதிகப்பிரசங்கித்தனம். தோலைப் பற்றிய அறிவு வேறு; தன் சொந்த ரசனை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிற தொழிலாளி, வருகிற முகங்களையெல்லாம் ஒரே அச்சில் வார்த்துவிடுவாள்.

இரண்டு பேருக்கும் ஒத்துவரும் வழி ஒன்று இருக்கிறது. ஊசியைத் தொடுமுன் பென்ஸிலால் வரைந்து காட்டுவது. அந்தக் கோலத்தோடு வீட்டுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்து வரச் சொல்லுவது. அப்புறமும் சந்தேகம் இருந்தால், மெல்லியதாகவும் வெளிறியதாகவும் ஆரம்பிப்பது. ஒரு மாதம் கழித்து இரண்டாந் தடவை வரும்போது கூட்டிக்கொள்ளலாம். குறைப்பதுதான் கஷ்டம்.

"கல்யாணம் முடிந்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறவளுக்கு அன்றையக் கூலி நஷ்டம். வந்தவள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடவும் கூடும். அது தெரிந்திருந்தும் அப்படிச் சொல்கிறவள் அகப்பட்டால், சகோதரிகளே, அவளிடம் நம்பி முகத்தைக் கொடுக்கலாம்.