பவளநிறவல்லியின் கடலில் உளுவை

சாயல்குடிக்கு அருகே, மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள திருத்தலம் மாரியூர். ஈசன் பூவேந்தியநாதர், அம்பிகை பவளநிறவல்லி. வலைஞர் குலத்தில் தோன்றிய உமையை மணக்க வந்த இறைவன், சுறாவாகத் திரிந்த நந்தியை வலைவீசிப் பிடித்த திருவிளையாடல், சித்திரைத் திருவிழாவின்போது இங்குக் கடற்கரையிலேயே நிகழ்த்தப்பெறுகிறது.

எந்தப் பெருவலையிலும் தங்காத சிறு மீனும் இறைவன் படைப்பே. வெப்பக் கடல்களில் பவளப்பாறைகளின் அடிமணலில் வாழும் உளுவை இனத்தில் ஒரு வகை, நாள்தோறும் மணல் சலித்தே உயிர் வாழ்கிறது. வாய் நிறைய மணலை அள்ளும். கூனி, புழு போன்ற நுண்ணுயிர்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, மணலைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். மீண்டும் ஒரு வாய் மணல். முறம் பிடித்து அரிசி புடைக்கும் மூதாட்டிக்கும் இத்தனை பொறுமை வாய்க்குமோ!

ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் ஒரே வளையில் குடியிருக்கும். சில வகைகளில் ஆண் உள்ளே முட்டைகளைக் காத்திருக்க, பெண் பவளத் துண்டுகளை வாயால் கவ்வி வந்து வளையின்மேல் மேடு எழுப்பும்.

இப்பகுதியில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் பவளங்களை வனவுயிர்ச் சட்டமும் காக்கிறது. அமாவாசை நீராடியபின் தீர்த்தக் கரைகளில் கடலோடு விடப்படும் வேட்டி சேலைகளை எச்சட்டம் தடுக்கும்? அடியில் படிந்த துணிக்குக் கீழே உளுவைக்கு மணலேது, இரையேது? தர்ப்பணத்துக்கு வேண்டுவன எள்ளும் நீரும் தர்ப்பையுமே. ஈரத்துணியைப் பிழிந்து வீட்டுக்கு எடுத்துவருவது பெரிய பாரமன்று.