குடியை விட நினைப்பவரே, கூட்டத்தில் என்ன பேசுவீர்?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்! இவை உழைப்பாளிகள் வாழும் பகுதிகள். காசிமேட்டில் விடியுமுன்னே மீன் வியாபாரம். எண்ணூரில் இரவும் பகலும் ஆலை வேலை. உடம்பு வலி தீர வேண்டும் என்று தொடங்குகிற குடி, பிறகு கூலியை விழுங்குகிறது. கடைசியில் குடும்பத்தையே விழுங்குகிறது.

கடையை மூடினால் போதுமா?

சென்னை மாகாணம் முழுவதும் 1948-ல் மதுவிலக்கு வந்தது. 1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்தி வருகிறது. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. மறு ஆண்டு ஜூனில், கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

கடையைச் சட்டம் மூடலாம். மனத்தில் எழும் ஆசையை மூடுவது யார்?

இருவர் சந்திப்பு

1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் இருவர் சந்தித்தார்கள். ஒருவர் பில் வில்சன், பங்கு வியாபாரத்தில் இருந்தவர். மற்றவர் பாப் ஸ்மித், டாக்டர். இருவரும் குடியால் கெட்டவர்கள். வில்சன் டாக்டருக்குப் புத்தி சொல்லவில்லை. தம் கதையைச் சொன்னார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற அமைப்பு. சென்னையிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும்.

எதைச் சொல்லலாம்?

முன்பு எப்படி இருந்தேன்? என்ன நடந்தது? இப்போது எப்படி இருக்கிறேன்? இந்த மூன்றும் போதும்.

சம்பள நாளில் எங்கே போனேன்? பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் என்ன ஆயிற்று? நேற்று ஆசை வந்தபோது, கடை இல்லாத எந்தத் தெரு வழியாகச் சுற்றி வீடு சேர்ந்தேன்? இந்தக் கடைசிச் செய்திதான் பக்கத்தில் இருப்பவருக்கு மிகவும் உதவும்.

மறுபடி குடித்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். கூட்டத்துக்குப் போக வேண்டிய நாள் அதுதான்!

எதைச் சொல்லக் கூடாது?

மனைவி மீதும் மேஸ்திரி மீதும் பழி போட வேண்டாம். எவ்வளவு குடித்தேன் என்று பெருமை பேச வேண்டாம். முழுப் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு விவகாரத்தை வக்கீலிடம் தனியாகச் சொல்லுங்கள்.

முக்கியமானது ஒன்று. அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும். நெருக்கமான தெருக்களில் பேச்சு வேகமாகப் பரவும். ஒருவர் கதை துறைமுக வாசலில் சிரிப்பாகிவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. அவர் மறுபடி வரவே மாட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வராமல் போவார்கள்.

தாய்மார்களே!

“அங்கே என்ன சொன்னீர்கள்?” என்று துருவிக் கேட்காதீர்கள். போய் வந்தாரா என்று மட்டும் பாருங்கள். உங்கள் மனப் பாரத்தை இறக்கவும் ‘அல்-அனான்’ என்ற குடும்பத்தார் கூட்டம் உண்டு.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் டாக்டரைப் பாருங்கள். அடையாறில் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே உள்ளது. 14446 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசியிலும் வழி கேட்கலாம்.

இத்தனை நாள் வாய் திறந்தது குடிக்க. இனி உண்மை சொல்லத் திறக்கட்டும்!