செக்ரோலில் பேர் இல்லாத வெல்டர்

பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் சென்ற மாதம் நம்மைக் காண வந்திருந்தார். அவருடைய மகன் கனடாவில், ஒண்டாரியோ மாநிலத்தில் இருக்கிறான். அங்கே கல்லூரியில் வெல்டிங் படித்தான். படிப்பு முடிந்ததும் 3 ஆண்டு வேலை பெர்மிட் கிடைத்தது. 4 மாதம் அலைந்து ஒரு பட்டறையில் சேர்ந்தான். 22 மாதம் உழைத்துவிட்டு, நிரந்தரவாசத்துக்கு மனுப் போடுவதற்காக முதலாளியிடம் சான்றுக் கடிதம் கேட்டான். "நீ என் தொழிலாளி இல்லையே, காண்ட்ராக்டர்தானே!" என்று பதில் வந்தது. பெர்மிட்டில் இன்னும் 10 மாதம்தான் பாக்கி. "அப்படியானால் என் மகன் இத்தனை நாள் செய்தது வேலை இல்லையா, ஐயா?" என்று தகப்பனார் கேட்டார்.

அது வேலைதான் என்று நாம் சொல்கிறோம். ஆனால் நாம் சொல்லி ஆவதென்ன? கனடாவின் குடிநுழைவு அதிகாரி சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதமோ முதலாளியின் மேசைக்குள் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து போய்த் தொழில் செய்வதால், இந்த விவகாரத்தைச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

கனடாவில் வேலை செய்து அனுபவம் பெற்ற அயல்நாட்டார் நிரந்தரவாசம் பெறுவதற்கென்று 2008ஆம் ஆண்டில் ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டது. கனடிய அனுபவப் பிரிவு என்று அதற்குப் பெயர். 2015 முதல் அந்த மனுக்கள் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் ஏற்பாட்டின்கீழ் வருகின்றன. மனுச் செய்வதற்கு முந்திய 3 ஆண்டுகளுக்குள் ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், தேர்ச்சித் தொழிலில் சம்பளத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். இதுவரை குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. சுயதொழில் செய்த காலம் அந்தக் கணக்கில் சேராது என்னும் விதியில்தான் முள் இருக்கிறது.

படிப்பு முடித்தவருக்குக் கொடுக்கப்படுவது திறந்த பெர்மிட். யாரிடமும் வேலை செய்யலாம்; சுயமாகவும் தொழில் நடத்தலாம். அதில் குற்றம் எதுவுமில்லை. சம்பாதித்ததற்கு வரி கட்டினால் வரி இலாகா மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளும். ஆனால் குடிநுழைவு இலாகாவின் ஜன்னலுக்குப் போனால் அதே 22 மாதமும் பூஜ்யமாகிவிடும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேர்ச்சித் தொழிலாளருக்கான வேறொரு பிரிவில், கனடாவுக்கு வெளியே செய்த சுயதொழில் அனுபவமாக எண்ணப்படுகிறது. ஆகவே இந்தப் பையன் கிள்ளானில் சொந்தப் பட்டறை வைத்திருந்தால் அந்தப் பிரிவில் அது அனுபவம். கனடாவிலேயே பற்றவைத்த இரும்போ அனுபவப் பிரிவில் அனுபவமில்லை!

காண்ட்ராக்டர் என்னும் பட்டத்தை அவனுக்குச் சூட்டியது யார்? அவனா கேட்டு வாங்கினான்? தொழிலாளி என்று பதிந்தால் கனடா பென்ஷன் திட்டத்துக்கு முதலாளியும் தம் பங்கைக் கட்ட வேண்டும். வேலையிழப்புக் காப்புறுதிக்கும் கட்ட வேண்டும். விடுமுறைச் சம்பளம் உண்டு. ஆண்டு முடிந்ததும் டி-4 என்னும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். காண்ட்ராக்டர் என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டால் அத்தனை செலவும் மிச்சம். வேலைக்குச் சேர்ந்த அன்று, "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பில் எழுதிக் கொடு, காசு முழுசாகக் கையில் வரும்" என்றார்களாம். புது ஊரில் வாடகை கட்ட வழி தேடும் பிள்ளை அதற்கு மறுப்பா சொல்வான்? லாரித் தொழிலில் இன்னும் ஒருபடி மேலே போய், ஓட்டுநரையே தன் பேரில் ஒரு கம்பெனி பதிந்துகொண்டு வரச் சொல்லும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது. அந்தச் சொந்தக் கம்பெனியிலிருந்து டி-4 சீட்டு எழுதிக்கொண்டாலும் குடிநுழைவு இலாகா பொதுவாக அதைச் சுயதொழில் என்றே கருதும்.

பேர் மட்டும் எதையும் தீர்மானித்துவிடாது என்பதைக் கனடா நீதிமன்றங்கள் நெடுநாட்களாகச் சொல்லி வருகின்றன. கால்கரி நகரில் கதவு பொருத்தும் ஆட்களைப் பற்றிய வீப் டோர் வழக்கு 1986ல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த ஆட்களும் காண்ட்ராக்டர்கள் என்றே சொல்லப்பட்டவர்கள். வேலையைக் கட்டுப்படுத்துவது யார், கருவி யாருடையது, லாபம் வந்தால் யாருக்கு, நட்டம் வந்தால் யாருக்கு என்று பார்க்க வேண்டும் என அந்த நீதிமன்றம் கூறியது. 2001ல் சகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் ஒரே கேள்விக்குள் அடக்கியது: இவன் தன் சொந்தக் கணக்கில் தொழில் நடத்துகிறானா? குடிநுழைவு அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வழிகாட்டியிலும் இவற்றைப் போன்ற அம்சங்களே இருக்கின்றன.

நம் வெல்டரை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம். காலை 7 மணிக்கு வரவேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. எந்தக் குழாயை, எந்த அளவில், எத்தனை மணிக்குள் என்பது ஃபோர்மன் சொல்வது. வெல்டிங் மெஷின், காஸ், கம்பி எல்லாம் பட்டறைச் சொத்து. பையனுடையது தலைக்கவசமும் கையுறையும். வேலை கெட்டுப்போனால் திருப்பிச் செய்த நேரத்துக்கும் மணிக்கூலி உண்டு. வேலை நன்றாக வந்தால் அதற்கென்று ஒரு காசு கூடுதல் கிடையாது. லாபமும் அவனுக்கில்லை, நட்டமும் அவனுக்கில்லை. இவனைக் காண்ட்ராக்டர் என்பது, வெட்டுக்கத்தி சொந்தமாக வைத்திருப்பதால் பால்மரத் தொழிலாளியைத் தோட்ட முதலாளி என்பது போலத்தான்.

நமக்கு இது பழைய பாடம். விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து, கிராணி காட்டிய நிரையில் வெட்டி, கம்பெனி ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்தவர்களிலும் செக்ரோலில் பேர் இல்லாதவர்கள் இருந்தார்கள். கேட்டால் "காண்ட்ராக்ட் ஆள்" என்பார்கள். சேமநிதி என்றாலும், பிரசவச் சலுகை என்றாலும், அந்த ஒரே சொல்லைக் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் ஒரு புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, ஒருவருடைய வேலையையோ நேரத்தையோ இன்னொருவர் கட்டுப்படுத்தினால், கருவி கொடுத்தால், ஒழுங்கான தவணையில் கூலி கொடுத்து அதுவே பெரும்பகுதி வருமானமாக இருந்தால், அவர் தொழிலாளி என்றே ஊகிக்கப்படுவார். வரவேற்கிறோம், மிகவும் காலந்தாழ்ந்து வந்தது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

காகிதம் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டுமென்று 1969ல் வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டோடு தோட்டத்தில் உழைத்தவர்கள் எத்தனை பேர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள்! அவர்களும் வேலை செய்யாதவர்கள் அல்லர்.

நம்முடைய வழக்கு பாரம் யார் தோளில் இருக்கிறது என்பதைப் பற்றியதுதான். கனடாவில் வங்கி, ரயில், மாநில எல்லை தாண்டும் லாரி போன்ற கூட்டரசுத் துறைகளில், "இவன் என் தொழிலாளி அல்ல" என்று சொல்லும் முதலாளிதான் அதை நிரூபிக்க வேண்டும் என 2021 முதல் சட்டம் கூறுகிறது. ஒண்டாரியோ மாநிலமும் 2017ல் அப்படியே முதலாளி மீது பாரத்தை வைத்தது. ஆனால் 2018ல் வேறொரு சட்டம் இயற்றி அதை எடுத்துவிட்டது. குடிநுழைவு ஜன்னலிலோ என்றுமே பாரம் மனுதாரர் தலையில்தான். செலவை மிச்சம் பிடிக்கப் பேரை மாற்றியவர் ஒருவர். அதற்காக நாட்டை விட்டுப் போக வேண்டியவன் இன்னொருவன்.

விதி கல்லில் வெட்டியதும் அல்ல. கனடாவில் டாக்டர்கள் பலர் சம்பளத்துக்கில்லாமல், பார்க்கும் நோயாளிக் கணக்கில் அரசாங்கத்திடம் பணம் பெறுகிறவர்கள். சட்டப்படி அது சுயதொழில். டாக்டர் பற்றாக்குறை வந்ததும் 2023ல் அவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது சரியே. டாக்டருக்குத் திறந்த கதவை வெல்டருக்கும் லாரி ஓட்டுநருக்கும் ஏன் திறக்கக்கூடாது? குறைந்தபட்சம், அந்நாட்டு வரி இலாகாவே ஒருவரைத் தொழிலாளி என்று தீர்த்துச் சொன்ன பிறகு, குடிநுழைவு இலாகா மறுபடியும் அவரைச் சந்தேகிக்கக்கூடாது என்று விதி செய்ய வேண்டும்.

ஆம், வரி இலாகாவிடம் அப்படிக் கேட்க வழி இருக்கிறது; பலருக்கு இது தெரிவதில்லை. தாம் தொழிலாளியா அல்லவா என்று பென்ஷன், காப்புறுதிச் சட்டங்களின்கீழ் தீர்ப்புக் கேட்கலாம். எந்த ஆண்டைப் பற்றிய கேள்வியோ அதற்கடுத்த ஆண்டின் ஜூன் 30க்கு முன் கேட்டுவிட வேண்டும். அது குடிநுழைவு அதிகாரியின் கையைக் கட்டிவிடாது என்றாலும் வலுவான சான்று. தகப்பனாரிடம் இதைத்தான் முதலில் சொன்னோம். நேரம் குறித்து முதலாளி அனுப்பிய செய்திகள், வேலைப் பட்டியல், பாதுகாப்புப் பயிற்சிச் சீட்டு, இரண்டு வாரத்துக்கொருமுறை பாங்கில் விழுந்த பணத்தின் கணக்கு, ஃபோர்மனோ கூட வேலை செய்தவரோ எழுதித் தரும் கடிதம் ஆகிய எல்லாவற்றையும் திரட்டச் சொன்னோம். முதலாளி கடிதம் மறுத்தால், மறுத்ததையே எழுத்தில் வாங்கி மனுவோடு வைக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது என்று கண்டித்துச் சொன்னோம். யாரோ ஒரு ஏஜெண்டு, காசு கொடுத்தால் தொழிலாளி என்று கடிதம் தயார் செய்து தருவதாகப் பையனிடம் சொல்லியிருக்கிறான். பொய்க் காகிதம் பிடிபட்டால் 5 ஆண்டுத் தடை. உண்மையாக உழைத்த 22 மாதத்தை ஒரு பொய்யிடம் அடகு வைப்பானேன்?

இதை அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் தகப்பனார் மறுபடியும் வந்தார். சென்ற ஆண்டுக்கான தீர்ப்பு மனுவை மகன் அனுப்பிவிட்டான். பட்டறையில் அது தெரிந்துவிட்டது. இப்போது அவனுக்கு வாரத்தில் 3 நாள்தான் வேலை கொடுக்கிறார்களாம். அந்தச் செய்தியையும் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறோம்.