பொதியைக் கொடுங்கள், படமெடுக்காதீர்கள்

உலர் உணவுப் பொதி வாங்குபவரின் முகத்தைப் படமெடுத்து முகநூலிலும் யூடியூபிலும் போடும் வழக்கம் நிற்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. இலங்கையின் பொருளாதாரம் சரிந்த 2022 செப்டம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஏறத்தாழ 63 இலட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை என அந்த ஆண்டு ஐ.நா. அமைப்புகள் கணித்தன, மலையகத் தோட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களின் நிலை அதுவாகவே இருந்தது. அந்த நேரத்தில் புலம்பெயர்ந்தோரின் பணம் ஊருக்கு வந்து சேரச் சமூக ஊடகம் பெரிதும் உதவியது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் உணவில்லாமை வயிற்றோடு நிற்பதில்லை. அதை அளக்க உலகெங்கும் பயன்படும் எட்டுக் கேள்விகளில் முதலாவது, சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பதே. பட்டினி கடைசியில்தான் வருகிறது. அந்தக் கவலையைக் குறைக்க வேண்டிய உதவியே புதிதாக ஒரு வெட்கத்தைத் தந்துவிட்டுப் போகிறது. அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா அடங்கிய பொதியில் கொடையாளரின் பெயர் பெரிதாக ஒட்டியிருக்கும். அதை ஒரு முனையில் அவரும் மறுமுனையில் ஒரு தாயும் பிடித்து நிற்பார்கள். பிறகு கணவர் எங்கே, கடன் எவ்வளவு என்று கேள்விகள். கீழே பின்னூட்டத்தில், கையில் போன் இருக்கிறதே, காதில் தோடு இருக்கிறதே என்ற விசாரணை. மறுநாள் அந்தத் தாயின் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். வகுப்பில் பலர் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பார்கள்.

காசு அனுப்புகிறவர் கணக்குக் கேட்பது நியாயம்தானே என்பார்கள். நியாயம்தான். ஆனால் முகம் கணக்காகாது. எத்தனை பொதி, என்ன விலை என்பதைக் கடைப் பற்றுச்சீட்டு சொல்லும். யாருக்குப் போனது என்பதைக் கையொப்பப் பட்டியல் சொல்லும். அந்தப் பட்டியலைக் கொடையாளர் சார்பில் ஒருவர் சரிபார்க்கலாம், உலகம் பார்க்கத் தேவையில்லை. சம்மதம் கேட்டுத்தானே எடுக்கிறோம் என்பது அடுத்த வாதம். பொதி எதிரே இருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சிறுவருக்குச் சம்மதம் என்ற கேள்வியே பொருந்தாது. துயருற்றவரை விளம்பரத்தில் மாண்புள்ள மனிதராகவே காட்ட வேண்டும் என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் 1994இலேயே நடத்தைக் கோவை எழுதிவிட்டன. படம் போடாவிட்டால் நன்கொடை குறையும் என்ற அச்சம் பொய்யல்ல. சில காலம் குறையவும் கூடும். அந்த இழப்பை ஏற்க வேண்டியது நிறுவனங்கள், பசித்தவர்கள் அல்ல.

இதற்காக அரசு தடை போட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அரசுக்கு எதிரான போராட்டங்களின் நடுவே 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது யாருடைய வாய் அடைக்கப்பட்டது என்பது தெரிந்ததே. இது நிவாரணம் கொடுப்போர் தாமே ஏற்க வேண்டிய கட்டுப்பாடு. ஏற்கெனவே ஏற்றிய காணொளிகளை, அவற்றில் இருப்பவர் கேட்டால், காரணம் கேளாமல் நீக்க வேண்டும். படத்தில் இருந்த பிள்ளை பத்து வருடம் கழித்துக் கேட்டாலும்.