முதல்ல உத்திரத்தை எடுங்க அண்ணாச்சி!

நம்ம நெல்லைச் சீமையில நற்செய்திக் கூட்டங்களுக்குப் பஞ்சமே கிடையாது. மைக் செட் கட்டிட்டா போதும், ஊர்ல உள்ளவன் பாவமெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வரும். சினிமா பாக்குறவன், நகை போடுறவ, கோயிலுக்குப் போற பக்கத்து வீட்டுக்காரன்... எல்லாருக்கும் நரகத்துல இடம் போட்டாச்சு. ஆனா சாதி பாக்குற கிறிஸ்தவனைப் பத்தி மட்டும் பேச்சு வர்றதே அபூர்வம்.

கேட்டா, "சாதியெல்லாம் அவங்க சமாச்சாரம், நாம அதைத் தாண்டி வந்தாச்சு" என்பார்கள். அப்படியா? வடக்கன்குளம் கதையைக் கொஞ்சம் பாப்போம்.

1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனது அந்த ஊர்லதான். எல்லாச் சாதிக்காரங்களோடயும் சமமாப் பழகுனவர். 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்னாங்க. அப்பேர்ப்பட்ட ஊர்ல அடுத்த நூற்றாண்டுல எழும்புன கோயில் எப்படி இருந்துச்சு தெரியுமா? கால்சட்டை மாதிரி ரெண்டு பிரிவு. வெள்ளாளர், முதலியார் ஒரு பக்கம்; நாடார் முதலான மத்தவங்க இன்னொரு பக்கம். நடுவுல தடுப்பு. பீடம் மட்டும் ஒண்ணு!

1910-ல் கௌசானல் என்கிற சேசு சபைப் பாதிரியார் அந்தத் தடுப்பை இடிச்சார். உடனே மனம் திரும்பினாங்கன்னு நினைக்காதீங்க. கோர்ட்டுக்குப் போனாங்க! சென்னை உயர் நீதிமன்றம் வரை இழுத்து, அங்கேயும் தோத்தாங்க.

"அது பழைய கதைவே" என்று சிலர் கிளம்புவீர்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் நடந்தது பழைய கதையா? கத்தோலிக்கர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் சாதிச் சண்டை, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு உயிர் போச்சு. திருச்சபைக்குள்ளயும் சாதிப் பாகுபாடு இருக்குன்னு இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016-ல் ஒத்துக்கிட்டாங்க. சீர்திருத்த சபைக்காரங்க இதைப் படிச்சுட்டுச் சிரிக்க வேண்டாம். பெண் பாக்கும்போது 'ரட்சிக்கப்பட்டவளா'ன்னு கேக்குறதுக்கு முன்னாடி என்ன கேக்கிறோம்னு நமக்குத் தெரியாதா?

2022 மே 15-ல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கிடைச்சுது. அதுக்கு முன்னாடியே பேர்ல ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுத்துட்டாங்க. ரொம்பச் சரி. பேர்ல இருந்து எடுத்தாச்சு, நம்ம வீட்டுல இருந்து எப்போ?

"அப்ப மத்தவன் தப்பைக் கேக்கவே கூடாதா?" தாராளமா கேக்கலாம். மலைப் பிரசங்கத்துல இயேசு துரும்பை விட்டுடச் சொல்லலையே. வரிசையைத்தான் சொன்னார். உத்திரம் முதல்ல, துரும்பு அப்புறம். கண்ணுக்குள்ள உத்திரத்தை வச்சுக்கிட்டு அடுத்தவன் கண்ணுல கை வச்சா, இருக்கிற கண்ணும் போயிரும். கௌசானல் ஊரைத் திருத்தக் கிளம்பலை. தன் கோயில் சுவரைத்தான் இடிச்சார். அதனாலதான் அவரைப் பத்தி இன்னிக்கும் பேசுறோம்.

ஆகவே போதகர் அண்ணாச்சிமாரே, அடுத்த கூட்டத்துல முதல் பத்து நிமிஷம் நம்ம சபைக் கல்யாணங்களைப் பத்திப் பேசுங்க. சாதி தாண்டி எத்தனை நடந்துச்சுன்னு மேடையிலேயே எண்ணிச் சொல்லுங்க. மிச்ச நேரம் ஊரைத் திட்டிக்கலாம்... நேரம் மிச்சம் இருந்தா!

(ஆட்டோ அனுப்புறவங்க கொஞ்சம் மெதுவா அனுப்புங்க மக்கா :-))